நம்மைக் கொல்லாத விஷம்

தமிழில் பாம்புக் கதை என்றால் கடைசியில் ஒரு மனிதன் செத்தாக வேண்டும். இல்லாவிட்டால் சாவின் விளிம்புவரை போய்த் திரும்ப வேண்டும். சினிமா, கிராமத்துத் திண்ணைக் கதை, செய்தித்தாளின் உள்பக்கம் எல்லாவற்றுக்கும் இதுதான் எலும்புக்கூடு. இரண்டுமே நடக்காத ஒரு பாம்புப் பிரதியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அது புனைவு இல்லை. 2010இல் 'ஜர்னல் ஆஃப் புரோட்டியோம் ரிசர்ச்' என்ற ஆங்கில ஆய்விதழில் ஒன்பது பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை. செர்பரஸ் ரின்காப்ஸ் என்ற நீர்ப்பாம்பின் விஷத்தில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்பதுதான் அதன் பொருள்.

ஆசிரியர்களில் ஒருவர் டி. வேல்முருகன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் படிகவியல், உயிர் இயற்பியல் துறைப் பேராசிரியராக இருந்தவர். சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிற மத்திய அரசின் விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் பட்டியலில் உண்டு. கடைசிப் பெயர் மஞ்சுநாத கினி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். பாம்பு விஷப் புரதங்களைப் படிக்கிற எவரும் தாண்டிப் போக முடியாத பெயர். அதாவது மயிலாப்பூர் குளத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு கட்டடத்துக்கும், அடையாறுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிண்டிக்கும், சிங்கப்பூருக்கும் நடுவில் எழுதப்பட்ட பிரதி இது.

இலக்கிய இதழில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். என் பதில் இதுதான்: நம் கதைகளும் நம் சூழலியல் எழுத்தும் செய்ய முடியாமல் திணறுகிற ஒன்றை, நடை என்று எதுவுமே இல்லாத இந்தக் கட்டுரை சாதாரணமாகச் செய்துவிடுகிறது. விஷத்தைப் பற்றிப் பேசும்போது மனிதனை நடுவிலிருந்து நகர்த்தி வைக்கிறது.

*

முதலில் பாம்பு. ஆங்கிலத்தில் நாய்முக நீர்ப்பாம்பு என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. கழிமுகம், அலையாத்திக் காடு, ஓதம் ஏறி இறங்கும் சேறு, இவைதான் இதன் வீடு. கண்கள் தலையின் மேல்பக்கத்தில் இருக்கும், உடம்பு தண்ணீருக்குள் இருக்கும்போதே வெளியே பார்க்க வசதியாக. மூக்குத் துவாரங்களை மூடிக்கொள்ளும். உடம்பில் சேரும் அதிக உப்பை வெளியேற்ற வாய்க்குள் ஒரு சுரப்பி வைத்திருக்கிறது. முட்டை இடாது, குட்டி போடும். முக்கிய உணவு மீன். வழுக்கும் சேற்றில், பாலைவனப் பாம்புகளைப்போல உடம்பைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டு நகரும்.

இதன் விஷப்பல் வாயின் முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. நாகத்துக்கும் விரியனுக்கும் முன்வாயில் ஊசிபோலக் குழாய் உள்ள பல். பின்நச்சுப்பல் பாம்புகளுக்குப் பெரும்பாலும் பல்லின் மேல் ஒரு பள்ளம் மட்டும்தான். விஷம் அழுத்தத்தோடு பாய்வதில்லை, கவ்விப் பிடித்து மென்றால்தான் கசிந்து இறங்கும். அதனால் இந்தப் பாம்புகளிலிருந்து விஷம் எடுப்பதே பெரும்பாடு. நாகத்தைப்போலக் கண்ணாடிக் குடுவையின் விளிம்பைக் கடிக்க வைத்து எடுத்துவிட முடியாது. பொதுவாக மயக்க மருந்தும் சுரப்பியைத் தூண்டும் மருந்தும் கொடுத்து, பின்பல்லில் மெல்லிய குழாயை மாட்டிச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள்.

இதற்கு விஞ்ஞானம் வைத்த பெயரையும் கவனியுங்கள். செர்பரஸ் என்பது கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் பல தலை நாய். சேற்றில் மீன் பிடித்துச் சாப்பிடுகிற ஒரு சாதுவுக்கு எமலோகத்துக் காவல் வேலை கொடுத்திருக்கிறார்கள். பாம்பு என்றால் மரணம் இல்லாமல் பெயர்கூட வைக்க முடியாது என்பதற்கு 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவும் விலக்கில்லை.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. நம் மொழியில் பாம்புக்கு இரண்டு அறைகள்தான். ஒன்றில் நல்ல பாம்பும் விரியன்களும். இன்னொன்றில் சாரையும் தண்ணிப் பாம்பும். முதல் அறைக்குப் பால் ஊற்றுவோம், அல்லது தடி எடுப்போம். இரண்டாவதை அலட்சியப்படுத்துவோம், பயம் வந்தால் அதற்கும் தடிதான். இரண்டிலும் சேராத பாம்பு வந்தால் கதை கட்டி முதல் அறைக்குள் தள்ளிவிடுவோம். பச்சைப்பாம்பு ஓணான், தவளை பிடிக்கிற பின்நச்சுப்பல் பாம்பு. நம் சமவெளிப் பச்சைப்பாம்பும் இலங்கைப் பச்சைப்பாம்பும் வேறுவேறு இனம் என்றே 2020இல்தான் பிரித்தறிந்தார்கள். ஆனால் நமக்கு அது கண்கொத்திப் பாம்பு. பரீட்சை ஹாலில் வாத்தியார் கண்கொத்திப் பாம்பாக நின்றார் என்று எழுதுகிற அளவுக்கு அந்தப் பழி மொழிக்குள் ஊறிவிட்டது.

கொம்பேறி மூக்கன் இன்னும் சுவாரஸ்யம். அதன் கடியால் மனிதனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கதைப்படி அது கடித்துவிட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து, கடிபட்டவனின் சிதைப்புகை எழுகிறதா என்று பார்க்குமாம். 1984இல் தியாகராஜன் நடித்து அந்தப் பெயரில் படமே வந்தது. ஒரு விமர்சகனாக எனக்கு இந்தக் கதையின் உத்தி மிகவும் பிடிக்கும். கொல்லவே முடியாத ஒரு பாம்பைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும். கடியில் சாவு இல்லை. என்ன செய்வது? ஒரு சிதையைச் செய்து அதன் கண் எதிரே வைத்துவிட்டார்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்றாவதாக ஒரு அறை கட்டினார்கள். ஆங்கிலத்தில் 'செமி வெனமஸ்' என்பார்கள், தமிழில் 'மித விஷம்', 'லேசான விஷம்'. பார்க்க நியாயமான ஏற்பாடு. ஆனால் லேசு யாருக்கு? தவளைக்கா, மீனுக்கா? இந்தச் சொல்லின் அளவுகோலும் மனித உடம்புதான். நம்மை எவ்வளவு படுத்துகிறது என்பதைப் பொறுத்து விஷத்துக்கு முழு மார்க், அரை மார்க், பூஜ்யம்.

*

இங்கே இரண்டாவது பிரதி ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்நச்சுப்பல் பாம்பு என்றதும் உலகம் முழுக்க வாசகர்களுக்கு நினைவு வருவது அதுதான். 1957 செப்டம்பர் 25. சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற பாம்பியலாளர் கார்ல் ஷ்மிட், அடையாளம் காண்பதற்காக வந்த ஆப்பிரிக்க பூம்ஸ்லாங் குட்டி ஒன்றைக் கையில் எடுக்கிறார். அது கட்டைவிரலில் கடிக்கிறது. பின்நச்சுப்பல் பாம்பு, சிறியது, ஒரு பல்தான் ஆழமாக இறங்கியிருக்கிறது. பெரிதாக ஒன்றும் ஆகாது என்று அவர் நினைத்ததில் ஆச்சரியமில்லை, அன்றைக்குப் பலருடைய அபிப்பிராயமும் அதுதான். புறநகர் ரயிலில் வீட்டுக்குப் போகும்போது குமட்டல், பிறகு குளிர், காய்ச்சல், ஈறில் ரத்தம். எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதிக்கொண்டே வந்தார். மறுநாள் இறந்தார். அந்தக் குறிப்புகளை 1958இல் 'கோப்பியா' ஆய்விதழில் கிளிஃபோர்ட் போப் வெளியிட்டார்.

அது ஒரு மகத்தான பிரதி என்பதில் சந்தேகமே இல்லை. எழுதுகிறவனின் உடம்பே எழுதுகிற பொருளாகிவிட, அவன் தன்னிரக்கம் இல்லாமல் குறித்துக்கொண்டே போகிறான். வாசித்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதனால்தான் அதன்மேல் எனக்கு ஒரு புகாரும் இருக்கிறது. பின்நச்சுப்பல் பாம்புகளைப் பற்றி அதற்குப் பிறகு வந்த பொதுவாசிப்பு எழுத்தில் பெரும்பகுதி ஷ்மிட்டின் சாவிலிருந்துதான் தொடங்குகிறது. இவையும் கொல்லும், ஜாக்கிரதை என்கிறது. பூம்ஸ்லாங் இரண்டாவது அறையிலிருந்து முதல் அறைக்குப் பதவி உயர்வு பெற்றது, அவ்வளவுதான். அறைகள் அப்படியே இருந்தன. மனிதனைக் கொல்லாத நூற்றுக்கணக்கான இனங்கள் எழுதத் தகுதியில்லாதவையாகவே கிடந்தன.

2010 கட்டுரையை இதன் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் அதன் மதிப்பு எனக்குப் புரிந்தது. இதில் யாரும் சாவதில்லை. யாரையும் பாம்பு கடிப்பதில்லை. ஹோமலாப்சிடே என்ற இந்த நீர்ப்பாம்புக் குடும்பத்தின் விஷத்தில் என்ன இருக்கிறது என்று அதுவரை தெரியாது, ஆகவே பார்த்தோம் என்பதுதான் மொத்தக் கதையும்.

பார்த்த விதம் இரண்டு. ஒன்று, விஷச்சுரப்பி எந்தெந்தப் புரதங்களைத் தயாரிக்க உத்தரவு எழுதியிருக்கிறது என்று படிப்பது. இன்னொன்று, வெளியே வந்த விஷத்தைத் துண்டாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்து, உண்மையில் எந்தப் புரதங்கள் இருக்கின்றன என்று சரிபார்ப்பது. கல்யாணச் சமையல்காரர் எழுதிக் கொடுத்த மளிகைச் சிட்டையையும் பந்தியில் இலையில் விழுந்ததையும் ஒத்துப் பார்ப்பதுபோல. சிட்டையில் பாம்பு விஷங்களில் ஏற்கெனவே தெரிந்த மூன்று புரதக் குடும்பங்கள் கிடைத்தன. கூடவே யாரும் எதிர்பார்க்காத இரண்டு புரதங்கள்.

அவை ஃபைகோலின் என்ற புரதத்தை ஒத்திருந்தன. ஃபைகோலின் நம் ரத்தத்திலும் இருக்கிறது. உள்ளே நுழையும் கிருமியின் மேற்பரப்பை அடையாளம் கண்டு, காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்பு ஏற்பாட்டை எழுப்பிவிடுகிற வாட்ச்மேன் வேலை அதற்கு. அந்த வாட்ச்மேனின் சாயலில் இரண்டு பேர் ஒரு பாம்பின் விஷச்சுரப்பியில் இருந்தார்கள். ஆசிரியர்கள் அவற்றுக்கு ரின்கோலின் 1, ரின்கோலின் 2 என்றும், குடும்பத்துக்கு வெஃபிகோலின் என்றும் பெயர் வைத்தார்கள். பாம்பு விஷத்தில் அதுவரை அறியப்படாத ஒரு புரதக் குடும்பம்.

விஷம் உருவாகும் விதமே இதுதான் என்கிறார்கள். உடம்பில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த புரதத்தின் மரபணு இரட்டிக்கிறது, ஒரு பிரதி சுரப்பியில் வேலைக்குச் சேர்கிறது, காலப்போக்கில் குணம் மாறுகிறது. நம் கற்பனையில் விஷம் வெளியிலிருந்து வருகிற ஒன்று. பாற்கடலைக் கடைந்தபோது வந்த ஆலகாலம்போல, உலகை அழிக்கக்கூடிய, ஒருவர் தொண்டையில் நிறுத்தியே ஆக வேண்டிய ஒன்று. கபாலீஸ்வரர் ஊரில் நின்றுகொண்டு வேறு மாதிரி யோசிப்பது கஷ்டம்தான். இந்தக் கட்டுரையில் வருகிற விஷமோ உள்ளூர்க்காரன். நேற்றுவரை காவல் காத்தவனின் உறவுக்காரன்.

ரின்கோலின் என்ன செய்யும்? இங்கே கட்டுரை பயன்படுத்துகிற வினைச்சொல் முக்கியம். ஊகிக்கிறோம் என்கிறது. அமைப்பு ஒத்திருப்பதால் ரத்தத் தட்டணுக்களை ஒன்றுசேர்க்கலாம், காம்ப்ளிமென்ட் ஏற்பாட்டைக் கிளப்பலாம் என்று ஊகம். அதற்குமேல் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. புதிதாக ஒரு குடும்பத்தையே கண்டுபிடித்தவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது எனக்கு ஒரு நல்ல சிறுகதையின் கட்டுப்பாட்டை நினைவூட்டுகிறது. ஒரு வாட்ஸப் ஃபார்வேர்டில் இதே விஷயம் எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

*

புகழ்ந்தது போதும். இந்தப் பிரதியின் குறை என்ன?

இதில் பாம்பு ஒரு விலாசம் மட்டுமே. விஷத்துக்கு ஒரு சுரப்பி தேவைப்படுகிறது, சுரப்பிக்கு ஒரு பாம்பு தேவைப்படுகிறது. அதற்கப்பால் அதன் சேறு, ஓதம், இரை எதுவும் கட்டுரையின் மையக் கேள்விக்குள் வருவதில்லை. நம் உடம்பின் தட்டணுவும் காம்ப்ளிமென்டும்தான் ஒப்பீட்டுப் புள்ளி. வாசல் வழியாக வெளியே போன மனிதன் கொல்லைப்புறமாக எட்டிப் பார்க்கிறான். இந்தப் பாம்பு தின்பது மீனை. மீனின் உடம்பில் ரின்கோலின் என்ன செய்கிறது என்பதல்லவா முதல் கேள்வி?

இது நியாயமற்ற எதிர்பார்ப்பு இல்லை. கினியின் குழு இதற்கு முன்பே அப்படிக் கேட்டிருக்கிறது. மரத்தில் வாழும் பூனைப்பாம்பு வகை ஒன்றின் விஷத்திலிருந்து 2006இல் டென்மோடாக்சின் என்ற புரதத்தைப் பிரித்தார்கள். அதைக் கோழிக்குஞ்சின் தசையிலும் எலியின் தசையிலும் சோதித்தார்கள். கோழியின் தசையை அது மீள முடியாதபடி முடக்கியது. எலியின் தசையில் அதன் வீரியம் சுமார் நூறில் ஒரு பங்கு. குவாம் தீவில் காட்டுப் பறவைகளைப் பெருமளவு தின்று தீர்த்த பழுப்பு மரப்பாம்பின் விஷத்திலிருந்து 2009இல் பிரித்த இர்டிடாக்சினும் அப்படியே. பறவையையும் பல்லியையும் கொல்லும், சுண்டெலியை ஒன்றும் செய்யாது. இந்த இரண்டு கட்டுரைகளுக்குப் பிறகு 'மித விஷம்' என்ற சொல்லை எப்படிக் கூசாமல் எழுதுவது? பறவைக்கு அது முழு விஷம். விஷம் ஒரு பொருளின் குணம் என்று நினைக்கிறோம். அது இரண்டு உடம்புகளுக்கு நடுவில் நடப்பது.

விஞ்ஞானிகளுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. பின்நச்சுப்பல் பாம்பின் சுரப்பியை நெடுங்காலம் விஷச்சுரப்பி என்றே சொல்லவில்லை, 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உடற்கூறியலாளர் பெயரால் டுவெர்னாய் சுரப்பி என்றார்கள். பிரையன் ஃப்ரை போன்றவர்கள் இதுவும் விஷச்சுரப்பிதான் என்றார்கள். கென்னத் கார்டாங் போன்றவர்கள், சுரப்பில் நச்சுப்புரதம் இருப்பதாலேயே அது விஷமாகிவிடாது, இரையைப் பிடிக்க அதைப் பாம்பு உண்மையில் பயன்படுத்துகிறதா என்று காட்டுங்கள் என்றார்கள். ஒரு சொல்லின் எல்லை எது என்ற இந்த வாதம், 'யதார்த்தவாதம்' பற்றி நாம் போடும் சண்டையைவிடக் கூர்மையானது. கார்டாங்கின் நிபந்தனையை வைத்துப் பார்த்தால் 2010 கட்டுரை பாதி வழிதான் வந்திருக்கிறது. பட்டியல் தந்திருக்கிறது, பயன்பாட்டைக் காட்டவில்லை.

ஆனாலும் அந்தப் பாதி வழியை யாராவது முதலில் வர வேண்டியிருக்கிறது. நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் சாகிறார்கள் என்று 2020இல் வந்த ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. இந்த எண்ணிக்கைக்கு முன்னால், கொல்லாத பாம்பின் விஷத்தை ஆராயப் பணம் கேட்பது எளிதில்லை. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் விஷம் எடுப்பது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கிலிருந்துதான். அது சரியான முன்னுரிமை. அதில் எனக்கு வாதம் இல்லை.

வாதம் நடு அறையை இருட்டில் விட்டுவிடுவதைப் பற்றியது. அந்த இருட்டுக்கு நடைமுறையில் விலை இருக்கிறது. பூனைப்பாம்பைப் பார்த்துச் சுருட்டை விரியன் என்று பதறுவது சாதாரணம், தோற்றம் அப்படி. விஷமுறிவு மருந்து அந்த நான்கு பாம்புகளுக்கானது, அதற்கே கடுமையான ஒவ்வாமை ஆபத்தும் உண்டு. தேவையில்லாத உடம்பில் அது ஏறக்கூடாது. இன்னொரு பக்கம், மந்திரிக்கிறவர்களின் வெற்றிக் கதைகளில் பெரும்பங்கு இந்த நடு அறைப் பாம்புகள் போட்ட பிச்சை. கடித்தது பச்சைப்பாம்பு, பிழைத்தது மந்திரத்தால் என்று பெயர். அடுத்த வாரம் கட்டுவிரியன் கடித்தவனை அவரிடம் தூக்கிப் போவார்கள். கடித்த பாம்பு எதுவென்று உறுதியாகத் தெரியாத யாரும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் மறக்க வேண்டாம்.

*

கடைசியாக நம் சூழலியல் எழுத்திடம் ஒரு கேள்வி. பாம்புக்காக நாம் எழுதும் வக்காலத்து எல்லாம் ஒரே மனு: பாம்பு விவசாயியின் நண்பன், எலி தின்கிறது, கொல்லாதீர்கள். நல்ல மனு, சாரைக்குப் பொருந்தும். கழிமுகத்துச் சேற்றில் மீன் தின்னும் பாம்புக்கு இந்த மனு செல்லாது. அது எலி பிடிக்காது. யாருக்கும் நண்பன் இல்லை. அடுத்த மனு தயாராக இருக்கும்: நாளைக்கு இதிலிருந்து மருந்து கிடைக்கலாம். உண்மைதான், சுருட்டை விரியன் விஷத்திலிருந்த ஒரு புரதத்தை முன்மாதிரியாக வைத்துத்தான் இதய நோய்க்கான டிரோஃபைபான் உருவானது. ஆனால் ரின்கோலினிலிருந்து ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். அப்போது அந்தப் பாம்பை என்ன செய்வோம்?

அடையாறு முகத்துவாரத்தில் கேள்வி இந்த வடிவத்தில்தான் நிற்கிறது. உடைந்த பாலத்தில் படம் எடுக்கப் போகிறவர்கள் நிறைய. கீழே சாக்கடையும் கடலும் கலக்கிற இடத்தில் மணல் மூடும், பொக்லைன் வைத்துத் தோண்டுவார்கள். 2015 டிசம்பருக்குப் பிறகு ஆறு என்றால் நமக்கு வெள்ளம் வடிய வேண்டிய வழி. அப்படிப்பட்ட உவர்நீர்ச் சேறுகளை நம்பி வாழும் உயிர்களுக்கு, பயன் என்ற ஒரே சாட்சியை வைத்து வாதாடினால் வழக்கு தோற்றுவிடும். பயனில்லாத, பயமுறுத்தாத, அழகும் இல்லாத ஒன்றின்மேல் கவனம் வைக்க மொழிக்குத் தெரிய வேண்டும். புனைவு அதற்காகத்தான் இருக்கிறது என்று நாம் மேடையில் சொல்லிக்கொள்கிறோம்.

அந்த ஒன்பது பேரும் மேடையில் எதுவும் சொல்லவில்லை. யாரும் சாகாத ஒரு விஷத்தை எடுத்து, அதில் இருப்பதை இருப்பதாகவும், தெரியாததை ஊகம் என்றும் எழுதி வைத்தார்கள். மீனைப் பற்றிய கேள்வியை விட்டுவிட்டார்கள், அதை அடுத்து வருகிற ஆய்வாளர் கேட்கட்டும். நம் பக்கத்து வேலை வேறு. கொம்பேறி மூக்கனுக்குச் சிதை அடுக்கிக் கொடுத்த அதே மொழியில், சிதை இல்லாமல் ஒரு பாம்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் காட்ட வேண்டும்.